வேலிக்கு வெளியே இரண்டரை அடி

எங்கள் தெரு ஒரு முட்டுச்சந்து. அது முடிகிற இடத்தில் குதிரை லாயம். ஆகவே தெருவுக்குள் நுழைகிற வெளியாள் ஒன்று லாயத்துக்கு வந்தவர், இல்லாவிட்டால் வழி தப்பியவர். இரண்டில் எது என்று அவர் பாதித் தூரம் வருவதற்குள் என்னால் சொல்லிவிட முடியும். என் தையல் மெஷின் மாடி ஜன்னலோரம் கிடக்கிறது. வெளிச்சத்துக்காகத்தான் அங்கே போட்டேன். இதைத் தெருவில் ஒருவரும் நம்புவதில்லை.

லாயம் ஒன்றும் பெரிதில்லை. நாலு கொட்டில், மணல் கொட்டிய ஒரு வட்டம், அதற்கு அப்பால் குதிரைகள் காலாற நிற்கப் புல்தரை. புல்தரையின் மரவேலி எங்கள் தெருவை ஒட்டியே நீளமாகப் போகிறது. நடத்துகிறவளை எல்லோரும் லாயத்து அக்கா என்போம். ஐம்பது வயது. ஆண்பிள்ளைச் சட்டையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு நடப்பாள். மனிதர்களிடம் பத்து வார்த்தை பேசினால் குதிரையிடம் நூறு வார்த்தை பேசுவாள். கூடமாட வேலைக்கு அவள் கூடப்பிறந்த தம்பி. அவனுக்கு முப்பத்தைந்து ஆகிறது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்பது இந்தக் கதைக்கு வேண்டாம். எனக்குத் தெரியும்.

இருக்கிற மூன்று குதிரைகளில் மூத்தது ஒரு பழுப்பு நிறப் பெண்குதிரை. இருபத்திரண்டு வயது. காகிதத்தில் அதற்கு நீளமாக ஏதோ பெயர் உண்டு. தெருவுக்கு அது பெரியம்மா. புதிதாக ஏறுகிற குழந்தை பயந்து அழுதால் பெரியம்மா நின்றுவிடும், அழுகை ஓய்ந்தால்தான் அடுத்த அடி வைக்கும். கடிவாளத்தைப் பிடித்து இழுத்துத் திமிர் காட்டுகிற பிள்ளை என்றால் நேராகக் கொட்டிலுக்குப் போய்ப் புல் தின்ன ஆரம்பித்துவிடும். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், அக்காவின் கல்யாணம் முறிந்த அதே மாதம் வாங்கிய குதிரை அது. வந்தவர் போய்ட்டார், வந்தது நின்னுடுச்சு என்று அவளே ஒருமுறை என்னிடம் சொன்னாள். சிரிக்காமல் சொன்னாள்.

லாயத்து வேலிக்கு நேர் எதிர்வீடு சர்வேயருடையது. அவர் ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆகிறது. அவருடைய டேப் இன்னும் ஆகவில்லை. யார் வீட்டு ஸ்கூட்டர் எத்தனை அங்குலம் தெருவில் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். தார் ரோட்டுக்கும் லாயத்து வேலிக்கும் நடுவே கிடக்கிற மண் யாருடையது என்று ஒரு தடவை பேச்சு வந்தபோது, மூன்று நாள் வரைபடங்களைப் புரட்டிவிட்டு, அது இரண்டரை அடி அகலத்துக்கு முனிசிபாலிட்டிக்குச் சொந்தம் என்று கண்டுபிடித்தார். கண்டுபிடித்த அன்று புதையல் எடுத்தவர் மாதிரி தெருவில் மேலும் கீழும் நடந்தார். யாரும் அதுவரை அந்த மண்ணைக் கேட்கவுமில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மனுஷர் தினமும் சாயங்காலம் ஒரு காரட்டை நீளவாக்கில் நாலாக நறுக்கி எடுத்துக்கொண்டு போய் வேலியோரம் நின்று பெரியம்மாவுக்குக் கொடுப்பார். வீட்டம்மாவிடம்கூட அவ்வளவு குழைவாகப் பேசி நான் கேட்டதில்லை.

அந்த இரண்டரை அடி மண்ணில் யாரும் நடாமலேயே செவ்வரளி ஆளுயரத்துக்கு வளர்ந்து கிடந்தது. கூடவே ஆமணக்கு, உன்னிச்செடி, ஊமத்தை. பதினெட்டு வருஷமாகப் பெரியம்மா அந்த வேலியோரம்தான் நிற்கிறது. ஒருநாளும் அந்தப் பக்கம் வாயைக் கொண்டுபோனதில்லை.

போன மாதம் லாயத்துக்கு மூன்று வயசு ஆண்குதிரை ஒன்று வந்தது. அது கடிக்காத பொருள் கிடையாது. வேலிக் கட்டை, துடைப்பம், தம்பியின் சட்டை வால் எல்லாம் போயிற்று. அக்காவுக்குப் பயம் வந்துவிட்டது. வீடு வீடாக வந்து சொன்னாள்: அரளி இலை ஒரு கைப்பிடி உள்ளே போனால் போதும், எவ்வளவு பெரிய குதிரையானாலும் நெஞ்சு நின்றுபோகும், இந்தச் செடிகளை எல்லாம் எடுத்துவிடலாமா என்று. எடுத்துவிடலாம் என்று சொல்ல நாங்கள் வாயைத் திறப்பதற்குள் சர்வேயர் பொறுப்பை எடுத்துக்கொண்டார். குதிரைக்கு ஆகாத செடிகள் என்று பதினோரு செடிகளின் படத்தோடு ஒரு பட்டியல் தயாரித்து, மழைக்குத் தாங்குமாறு பிளாஸ்டிக் உறை போட்டு, மூன்று இடத்தில் அடித்து மாட்டினார். ஊமத்தைக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது பூசணிப் பூ என்று நான்தான் சொன்னேன். மறுநாள் படம் மாறியிருந்தது. நன்றி வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவே கையுறை மாட்டிக்கொண்டு இறங்கியது. பிடுங்கியதும் வெட்டியதும் மலையாகக் குவிந்தபோது அக்கா ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"பிடுங்கினத இங்க விட்டுறாதீங்க. பச்சையா நிக்கறவரைக்கும் கசப்பு, குதிரை தொடாது. வாடிடுச்சுன்னா கசப்பு குறைஞ்சிரும், விஷம் குறையாது. அதுதான் ஆபத்து."

சர்வேயர் கையை உயர்த்தினார். முனிசிபாலிட்டி வண்டி திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வரும், அதுவரை எல்லாம் என் காம்பவுண்டுக்குள் இருக்கும், கவலையை விடு என்றார். செடிக் குப்பைக்கு முனிசிபாலிட்டி சட்டம் ஒன்று உண்டு: கை நீளத்துக்கு வெட்டிச் சணலால் கட்டியிருக்க வேண்டும், ரோட்டை மறிக்கக் கூடாது, தனியார் நிலத்திலிருந்து எடுக்க மாட்டார்கள். இதெல்லாம் எங்களுக்கு அவர் சொல்லித்தான் தெரியும். பதினாலு கட்டு. ஒவ்வொன்றுக்கும் அட்டையில் நம்பர் எழுதித் தொங்கவிட்டார். ஏன் நம்பர் என்று கேட்டதற்கு, நம்பர் இல்லாவிட்டால் எத்தனை என்று எப்படித் தெரியும் என்றார்.

திங்கட்கிழமை நடந்ததில் ஒரு பகுதியை நான் பார்க்கவில்லை. அன்றைக்கென்று ஏழரை வரை தூங்கிவிட்டேன். அதற்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

நான் ஜன்னலில் உட்கார்ந்தபோது பெரியம்மா புல்தரையில் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. மற்ற இரண்டையும் இன்னும் கொட்டிலிலிருந்து அவிழ்த்துவிடவில்லை. முன்னங்காலால் தரையைச் சுரண்டியது. திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்த்தது. பிறகு முட்டி மடக்கிப் படுத்துவிட்டது. தம்பி ஓடிவந்து எழுப்பினான், அக்கா தலைக்கயிற்றை மாட்டினாள். குதிரைக்கு வயிற்றுவலி வருவது புதிதில்லை. பெரியம்மாவுக்கு வருஷத்துக்கு ஒருமுறை வரும். டாக்டருக்குப் போன் போட்டார்கள். மாட்டு டாக்டர் ஒரு பெண், கெட்டிக்காரி; அடுத்த ஊரில் ஏதோ மாட்டுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார். புரள விடாமல் மெதுவாக நடக்க வையுங்கள், ஒன்றரை மணி நேரத்தில் வருகிறேன் என்றாராம். வயிற்றுவலி என்றால் நடக்க வைப்பதுதான் வழக்கம். வலியில் புரண்டால் குடல் முறுக்கிக்கொள்ளுமாம். தம்பி கயிற்றைப் பிடித்துக்கொண்டு மணல் வட்டத்தில் சுற்ற ஆரம்பித்தான்.

நான் ஒரு பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டே சுற்றுகளை எண்ணினேன். ஆறு. ஏழு. ஒவ்வொரு சுற்றுக்கும் பெரியம்மாவின் கழுத்து இன்னும் ஒரு சாண் இறங்கியது போலிருந்தது.

அப்போதுதான் எதிரே சர்வேயரைக் கவனித்தேன். தன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு விஷயம் நடந்தால் முதல் ஆளாகப் போய் மூன்று யோசனை சொல்கிற மனுஷர், அசையாமல் நின்றார். பிறகு உள்ளே போய்த் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். வேலியோரம் இரண்டரை அடி மண்ணில் கட்டுகள் வரிசையாக, நேர்கோட்டில், வேலியில் சாய்த்து நிறுத்தப்பட்டிருந்தன. ஆறு மணி வண்டி வரவில்லை. அவர் கட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கித் தள்ளுவண்டியில் போட்டு வீட்டுக்குள் கொண்டுபோனார். இரண்டு நடை சாதாரணமாக. மூன்றாவது நடைக்கு மேலே ஒரு சாக்கைப் போர்த்தினார்.

பட்டப்பகலில் சொந்தக் குப்பைக்குச் சாக்குப் போர்த்துகிற மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை. அவருடைய கால்சட்டை ஒன்று இடுப்புப் பெரிதாக்க வந்து நாலு நாளாக என்னிடம் கிடந்தது. அதை மடித்து எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

கதவைத் திறந்தது வீட்டம்மா. ஒல்லியான, அதிர்ந்து பேசாத பெண்மணி. நெஞ்சில் ஏதோ வால்வு சரியில்லை என்று இரண்டு வருஷமாக மாடி ஏறக் கூடாது, தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி வைத்திருந்தார். அவர் என்னைப் பார்த்தார், கால்சட்டையைப் பார்த்தார், பின்கட்டு ஷெட்டைக் கண்ணால் காட்டினார்.

ஷெட்டில் சர்வேயர் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒன்பதாம் நம்பர் கட்டு அவர் மடியில், பிள்ளையைப் போட்டுக்கொண்ட மாதிரி. செவ்வரளி. ஒரு பகல் வெயில் காய்ந்ததில் இலையெல்லாம் துவண்டு தொங்கியது. கட்டின் ஒரு பக்கத்தில் கொப்புகள் மொட்டையாக இருந்தன.

கால்சட்டையைக் கொடுக்க வந்ததாகச் சொன்னேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. இந்தக் கட்டை யார் கடித்தது என்று கேட்டேன். எலியாக இருக்கும் என்றார். எலி அரளி தின்னுமா சார் என்றேன். அவர் அட்டையில் இருந்த நம்பரைத் தடவினார்.

வண்டி ஆறு மணிக்கு வரும் என்று ஐந்தரைக்கே எடுத்து வைத்ததாகப் பிறகு சொன்னார். ரோட்டில் வைத்தால் மறிப்பு. தன் காம்பவுண்டில் வைத்தால் தனியார் நிலம், எடுக்க மாட்டார்கள். தெருவிலேயே முனிசிபாலிட்டி மண் என்று இருப்பது அந்த இரண்டரை அடிதான். அதற்குள் அடங்க வேண்டுமென்றால் வேலியில் சாய்த்துத்தான் வைக்க முடியும். டேப் வைத்துப் பார்த்தாராம். இரண்டு அடி நாலு அங்குலத்தில் அடங்கிவிட்டதாம். வேலிக்கு மேலே ஒரு கழுத்து நீளும் என்பது எந்த வரைபடத்திலும் இல்லை.

"அது வயித்துவலிதான். வருஷா வருஷம் வர்றதுதான" என்றார்.

"அப்ப இத எதுக்கு சார் ஒளிச்சீங்க?"

"லிஸ்ட் போட்டவனே நான். ஊருக்கெல்லாம் சொன்னவன். நான் போய் என்னன்னு சொல்றது அவகிட்ட?"

எனக்கு வாயில் நல்ல பதில்கள் நாலைந்து தயாராக இருந்தன. அவற்றில் ஒன்றாலும் பிரயோசனம் இல்லை. டாக்டர் வருவார், வந்து கண்டுபிடிப்பார், அதுவரை இந்த மனுஷரின் மானம் ஒன்றரை மணி நேரம் தாக்குப்பிடிக்கட்டும் என்றுதான் எனக்கும் ஒரு நிமிஷம் தோன்றியது. என் பின்னாலிருந்து வீட்டம்மா பேசினார்.

"என்னங்க. அங்க அத நடக்க வெச்சுட்டே இருக்காங்க."

அவர் நிமிர்ந்தார்.

"நெஞ்சு நின்னுடும்னு நீங்கதான எழுதி ஒட்டுனீங்க? நெஞ்சு சரியில்லன்னா என்னைய பத்துப் படி ஏற விடமாட்டீங்க. அந்த வாயில்லா ஜீவன சுத்தவிட்டுப் பாத்துட்டு இருக்கீங்க."

சர்வேயர் செருப்பில்லாமல் ஓடினார். அறுபத்தாறு வயசில் அப்படி ஓடுவார் என்று யாராவது சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன். கட்டைக் கீழே போடவும் மறந்துவிட்டார். லாயத்துக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போய் மணல் வட்டத்தின் நடுவில் நின்றபோது மூச்சு வாங்கியதில் குரலே எழும்பவில்லை.

"நிறுத்து" என்றார். "நடக்க வெக்காத."

தம்பி நின்றான். பெரியம்மாவும் நின்றது. அதன் பின்னங்கால்கள் நடுங்குவது வாசலிலிருந்தே எனக்குத் தெரிந்தது. அக்கா சர்வேயரைப் பார்க்கவில்லை, அவர் கையிலிருந்த கட்டைப் பார்த்தாள். மொட்டையான கொப்புகளைப் பார்த்தாள். தம்பியிடமிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டு, பெரியம்மாவின் தாடைக்குக் கீழே இரண்டு விரலை வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

"விட்டு விட்டு அடிக்குது" என்றாள்.

டாக்டருக்கு மறுபடியும் போன். இந்தத் தடவை தம்பி போனை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தான். அரளி என்று கேட்டதும் டாக்டரின் குரல் மாறிவிட்டது. ஓரடிகூட நகர்த்தக் கூடாது, பக்கத்தில் சத்தம் கூடாது, மிரளக் கூடாது என்றார். பெரிய ஆஸ்பத்திரி ஒரு மணி நேர தூரத்தில் இருக்கிறது. வண்டியில் ஏற்றுவதே நெஞ்சுக்குச் சுமை. நிறையத் தின்றிருந்தால் துணிந்து ஏற்றித்தான் ஆக வேண்டும். கொஞ்சம் என்றால் இருந்த இடத்திலேயே பார்க்கலாம்.

"எத்தனை இலைன்னு தெரியுமா?"

தம்பி அக்காவைப் பார்த்தான். கடைசியில் சர்வேயர் போனிடம் குனிந்து, எண்ணிச் சொல்ல முடியும் என்றார்.

எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. அவர் மணலிலேயே உட்கார்ந்து கட்டைப் பிரித்தார். அரளிக் கொப்பில் ஒவ்வொரு கணுவிலும் மூன்று மூன்று இலை இருக்கும். இலை பிய்ந்த இடம் ஈரமாக, வெளுப்பாகத் தெரியும். பழையதாக இருந்தால் காய்ந்து பழுப்பாகியிருக்கும். ஒவ்வொரு கொப்பாக எடுத்து, விரலால் கணுக் கணுவாகத் தொட்டு, உதட்டை அசைத்துக்கொண்டே போனார். ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷமும் அக்காவின் விரல் தாடையை விட்டு எடுபடவில்லை. பெரியம்மா தன் நெற்றியை அவள் மார்பில் முட்டுக் கொடுத்துக்கொண்டு நின்றது.

"நாப்பத்தேழு இலையக் காணோம்" என்றார்.

தம்பி தலையில் கைவைத்துக்கொண்டான். சர்வேயர் சொன்னார், எல்லாம் வயிற்றுக்குள் போயிருக்காது, பாதி உதிர்ந்திருக்கும். ஷெட்டில், தள்ளுவண்டியில், வழியில், வேலியோரம். தேடிக் கண்டுபிடிக்கிற ஒவ்வொரு இலையும் கணக்கில் ஒன்று குறையும்.

அப்புறம் எங்கள் தெரு செய்ததை நான் இதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்ப்பேனா தெரியாது. லாண்டரிக்காரர், ஸ்கூட்டர் வீட்டு மருமகள், அவளோடு மூன்று மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லாத மாமியார், நான், எல்லோரும் முட்டி போட்டுத் தவழ்ந்தோம். வீட்டம்மாவை மட்டும் குனியக் கூடாது என்று தள்ளுவண்டிப் பக்கம் நிறுத்தினோம். ஒருவர் வாயும் திறக்கவில்லை. மாமியார் ஒரு இலையைக் கண்டு மருமகளின் தோளைத் தட்டிக் காட்டியதைப் பார்த்தபோது, வேறொரு நாளாக இருந்தால் எனக்கு அது ஒரு வாரத்துக்குப் போதும்.

ஷெட்டில் எட்டு. தள்ளுவண்டியின் அடியில் ஆறு. ரோட்டைக் கடக்கிற வழியில் நாலு. வேலிக்கு வெளியே ஒன்பது. வேலிக்கு உள்ளே புல்லில் மென்று துப்பிய துண்டுகள். சர்வேயர் அவற்றை ஒரு தட்டில் பரப்பி, உடைந்த பீங்கானை ஒட்டுகிற மாதிரி நுனிக்கு நுனி, காம்புக்குக் காம்பு சேர்த்தார். நாலு இலை தேறியது. ஆக முப்பத்தொன்று. மீதி பதினாறு.

பதினாறு இலை என்றால் ஒரு கைப்பிடிக்கு மேல்.

அப்போது தம்பி ஒரு கை நிறைய இலையோடு ஓடிவந்தான். வேலியோரம் இன்னும் கொஞ்சம் தள்ளிக் கிடந்ததாம். பத்துப் பன்னிரண்டு இருக்கும். அவன் முகம் தெளிந்துவிட்டது. எனக்கும் மூச்சு வந்தது. பன்னிரண்டு போனால் நாலுதான், நாலுக்கு ஒன்றும் ஆகாது.

சர்வேயர் வாங்கிப் பார்த்தார். எந்த இடத்தில் எடுத்தாய் என்று கேட்டார். தம்பி காட்டினான். அவர் எழுந்து அந்த இடத்துக்குப் போய் நின்று பார்த்து, அப்படியே ஷெட்டுக்குப் போய் எட்டாம் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். அந்த இலைகளைக் குவியலோடு சேர்க்காமல் தனியாக வைத்தார்.

"இது எட்டாம் கட்டு நின்ன இடம். அதோட இலை."

"அரளிதான சார்? ஒம்பதுலேர்ந்து காத்துல பறந்து வந்திருக்கலாமே" என்றான் தம்பி. கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

"எட்டாம் கட்டுல இதே அளவு குறையுது. எண்ணிட்டேன்." அவர் அக்காவின் பக்கம் திரும்பினார், ஆனால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "பதினாறுதாம்மா."

எண்ணிக்கை குறைந்தால் அவருடைய குற்றமும் குறையும். குறைத்துச் சொல்லியிருந்தால் எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது, எனக்கே தெரிந்திருக்காது. அந்த மனுஷரை நான் எத்தனையோ கேலி செய்திருக்கிறேன், இனியும் செய்வேன். ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்கு ஒன்றும் வரவில்லை.

டாக்டர் வந்தார். ஸ்டெதஸ்கோப்பை வைத்து நீண்ட நேரம் கேட்டார். பதினாறு என்றதும் உதட்டைக் கடித்துக்கொண்டார். பதினாறு என்பது ஏற்றுகிற கணக்கும் இல்லை, ஏற்றாத கணக்கும் இல்லையாம். அக்காவைப் பார்த்தார்.

"ஏத்தினா வழிலயே போயிடலாம். ஏத்தலைன்னா இங்கயே போயிடலாம். நீங்க சொல்லுங்க."

"இங்க" என்றாள் அக்கா. "அதுக்கு வண்டி பிடிக்காது."

மூக்கு வழியாகக் குழாயை இறக்கினார்கள். வயிற்றைக் கழுவி வந்த தண்ணீரை டாக்டர் வாளியில் பிடித்தார். சர்வேயர் கேட்காமலேயே வீட்டுக்கு ஓடி, டீ வடிகட்டியை எடுத்து வந்து, அந்தப் பச்சைத் தண்ணீரை வடிகட்ட ஆரம்பித்தார். நாற்றம் தாங்க முடியவில்லை. லாண்டரிக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். கிடைத்த துணுக்குகள் ஐந்து இலை அளவு என்று சர்வேயர் சொன்னார். டாக்டர் அதையும் ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார். பிறகு கறுப்பாகக் குழம்பு மாதிரி கரித்தூளைக் கரைத்து அதே குழாயில் ஊற்றினார். விஷத்தை அது பிடித்துக்கொள்ளுமாம். இனிச் செய்வதற்கு அதிகம் இல்லை. நாளை மத்தியானம் வரை நெஞ்சு தாங்கினால் பிழைத்துவிடும், கால் மணிக்கு ஒருமுறை நாடி பார்த்துக் குறித்து வையுங்கள், நான் இங்கேயே இருக்கிறேன் என்றார்.

நாடி பிடிக்க அக்கா. குறிக்க ஆள் வேண்டும். தம்பி தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். சர்வேயர் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். போங்கள் என்று அக்கா சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சொல்லவில்லை. இருங்கள் என்றும் சொல்லவில்லை.

தெரு ஊமையாகிவிட்டது. ஸ்கூட்டரை எஞ்சினை அணைத்து முனை வரை தள்ளிக்கொண்டு போனார்கள். லாண்டரிக்காரரின் நாய் சத்தம் போடும் என்று அவர் மச்சினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டது. குக்கர் வைக்கவில்லை, கதவை அறையவில்லை, நான் மெஷின் ஓட்டவில்லை. மாமியார் மருமகளிடம் சண்டை போட வேண்டியதைக்கூடச் சைகையில் போட்டார். அந்த அமைதியில் லாயத்திலிருந்து கால் மணிக்கு ஒருமுறை ஒரு எண் மட்டும் கேட்கும்.

"நாப்பத்திரண்டு. நாலு தடவை விட்டுடுச்சு."

"நாப்பத்திரண்டு, நாலு" என்பார் சர்வேயர்.

அன்று முழுக்க அவர்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். சாயங்காலம் ஒருமுறை அக்காவின் எண் வரத் தாமதமானது. நான் ஜன்னலில் எழுந்து நின்றுவிட்டேன். பெரியம்மாவின் முட்டி மடங்கியது. டாக்டர் ஊசியோடு பாய்ந்து போனார், தம்பி தோளைக் கொடுத்து ஒரு பக்கம் தாங்கினான், மறுபக்கம் சர்வேயர் பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டு தன் ஒல்லித் தோளைக் கொடுத்தார். நானூறு கிலோவுக்கு அந்தத் தோள் எம்மாத்திரம். ஆனாலும் குதிரை விழவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அக்காவின் குரல் வந்தது.

"முப்பத்தாறு. பதினொண்ணு விட்டுடுச்சு."

"முப்பத்தாறு" என்றார் சர்வேயர். பதினொன்றை அவரால் சொல்ல முடியவில்லை. எழுதினார்.

இரவு எப்படிப் போயிற்று என்று கேட்டால் அந்தக் காகிதத்தைத்தான் காட்ட வேண்டும். பதினொன்று எட்டானது, எட்டு மறுபடி ஒன்பதானது, விடிகிற நேரத்தில் ஐந்து. காலையில் வீட்டம்மா டம்ளரில் காபி கொண்டுபோய் இருவருக்கும் நடுவில் வைத்தார். யார் குடித்தார்கள் என்று தெரியவில்லை, இரண்டும் காலியானது.

மத்தியானம் டாக்டர் ஒரு முழு நிமிஷம் கேட்டார். இன்னொரு நிமிஷம் கேட்டார். ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஒன்றுமே விடவில்லை என்றார். அந்த நேரத்தில் பெரியம்மா வாலைத் தூக்கி, நேற்று உள்ளே போன கரியெல்லாம் சேர்த்துக் கறுப்பாகச் சாணி போட்டது. ஒரு சாணிக்காக ஒரு தெருவே கண்ணைத் துடைத்துக்கொண்டது என்றால் வெளியூரில் யாரும் நம்ப மாட்டார்கள். தம்பி சுவரோரம் போய்த் திரும்பி நின்றுகொண்டான்.

சர்வேயர் வாளியிலிருந்து எழுந்தார். இடுப்பு நிமிரவில்லை. காகிதங்களை அடுக்கி அக்காவிடம் நீட்டினார். அவள் வாங்கி, மேலே இருந்ததைப் பார்த்தாள், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள்.

"பொழைச்சுட்டா" என்றாள். "உங்களோட பேச எனக்குக் கொஞ்ச நாளாகும் சார்."

அவர் தலையாட்டினார். இரண்டடி போனார். திரும்பி வந்தார்.

"எத்தனை நாள்மா?"

"எண்ணாதீங்க" என்றாள் அவள். பெரியம்மாவின் கழுத்தில் கையைப் போட்டுக்கொண்டு கொட்டிலுக்குத் திரும்பினாள், ஒவ்வொரு அடிக்கும் நின்று நின்று.

இன்றைக்குப் பதிமூன்று என்று இப்போதுதான் கால்சட்டையை வாங்கிக்கொண்டு போகும்போது என்னிடம் சொன்னார். நான் கேட்கவே இல்லை.